குழந்தை கையிற் கமரா

குழந்தைக்கு முதன்முதலாக ஒரு கமராவை வாங்கிக் கொடுக்க விரும்பும் பெற்றோர் கடையிற் சென்று நின்றதும் தடுமாறுவது இயல்பு. விலை குறைந்ததை வாங்கினால் அது வெறும் விளையாட்டுப் பொருளாய் முடிந்துவிடுமோ என்ற ஐயம் ஒருபுறம். விலை உயர்ந்ததை வாங்கினால் பிள்ளை அதனைக் கீழே போட்டு உடைத்துவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். இந்தச் சிறிய கைக்கு எது பொருந்தும் என்னும் கேள்வி இன்று புதிதாக எழுந்ததன்று. 1900ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரத்திலே அக்கேள்விக்கு ஒரு விடை உருவாயிற்று. ஒரு டொலர் விலையுள்ள அட்டைப் பெட்டியின் வடிவில் வந்த விடை அது. அதன் வரலாற்றை ஆராய்வார்க்கு, கமராவைப் பற்றி மட்டுமன்றிக் குழந்தை வளர்ப்பைப் பற்றியும் ஓர் உண்மை புலப்படும்.

அவ்விடையின் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். பிரான்சு நாட்டவராகிய டாகேர் கண்ட ஒளிப்பட முறை 1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அன்று தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம், ஒளிப்படக் கலையிற் குழந்தைக்குக் கிடைத்த இடம் கமராவின் முன்னாலேயே இருந்தது. பின்னால் நிற்கும் உரிமை அதற்கு இல்லை. படம் பதிவதற்குப் பல வினாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். துள்ளித் திரியும் பிள்ளையை அவ்வாறு இருத்துவது எளிதன்று. ஆதலின், தாயைத் துணியால் மூடி மறைத்து, அவள் மடியிலே குழந்தையை இருத்திப் படமெடுக்கும் வழக்கமும் ஸ்டூடியோக்களில் இருந்து வந்தது. இன்று அப்பழம் படங்களைப் பார்ப்போர், நாற்காலி போலத் தோன்றும் துணிக் குவியலுள் ஒரு தாயின் உருவம் அமைந்திருப்பதைக் கண்டு வியப்பர்.

1851இல் இங்கிலாந்திலே பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்பார் கண்ணாடித் தகட்டில் ஈரக் கலவை பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். படங்கள் தெளிவு பெற்றன. வேலையோ கடினமாகவே இருந்தது. கண்ணாடியிற் கலவையைச் சீராகப் பூச வேண்டும். வெள்ளி உப்புக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டோடிக் கழுவவும் வேண்டும். கையும் உடையும் கறுத்துப் போகும். ஒரு தகடு பழுதானால் அத்தனை உழைப்பும் வீணாகும். இத்தொழிலிற் குழந்தை கைவைக்க எவர் விடுவார்?

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று இலங்கை நேயர்க்குத் தொடர்புடையது. இலங்கை வரலாற்றைப் பயின்றோர் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவை அறிவர். அவ்வாணைக்குழுவில் நீதித்துறை பற்றி ஆராய்ந்து 1832இல் அறிக்கை அளித்தவர் சார்ள்ஸ் ஹே கமரன். அவருடைய மனைவியே ஒளிப்படக் கலையிற் பெரும் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். 1863ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அவ்வம்மையாருக்கு ஒரு கமரா பரிசாக வந்தது. அளித்தவர்கள் அவருடைய மகளும் மருமகனுமாவர். அப்போது அம்மையாருக்கு வயது 48. பெற்றோர் பிள்ளைக்குக் கமரா தேடும் இன்றைய வழக்கத்திற்கு மாறாக, பிள்ளை தாய்க்குத் தேடிக் கொடுத்த கமரா அது.

இங்கிலாந்தின் வைட் தீவிலே நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாகவும் கோழிக் கூட்டைப் படமெடுக்கும் அறையாகவும் மாற்றி அமைத்துக்கொண்டு அம்மையார் தொடங்கினார். அவர் எடுத்த முதலாவது படம் அவ்வூர் விவசாயி ஒருவரது படம். ஈரம் காயாத தகட்டின் மேற் கை பட்டு அப்படம் அழிந்து போயிற்று. அவர் மனந் தளர்ந்தாரல்லர். 1864 ஜனவரியிலே அனி என்னும் சிறுமியின் முகத்தைப் படமெடுத்து, அதனையே தமது முதல் வெற்றியென மகிழ்ந்தார். அவருடைய படங்கள் கூர்மையின்றி மங்கலாயிருப்பதாகக் கலைஞர் சிலர் குறை கூறினர். தொடக்கத்தில் தற்செயலாய் அமைந்த அம்மென்மையை அவர் தமக்குரிய நடையாகவே ஆக்கிக்கொண்டார். 1875இற் கணவருடன் இலங்கைக்கு வந்து, இங்கும் சில படங்கள் எடுத்து, 1879 ஜனவரியில் மறைந்தார். மலைநாட்டிலே பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தின் மயானத்தில் அவரும் அவர் கணவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

கமரன் அம்மையாருக்குப் பிழை செய்யும் வசதி இருந்தது. தகடுகள் பழுதானால் மேலும் தகடுகள் வாங்கப் பணம் இருந்தது, தொட்டுக் கெடுத்தாலும் தடுப்பார் இல்லை, நேரமும் இருந்தது. அக்காலத்துச் சிறுவர்க்கு இம்மூன்றும் இல்லை. கற்றல் என்பது பிழையினூடாகவே நடைபெறுவது. பிழையின் விலை மிகுந்திருக்கும் கலைகள் யாவும் சிறுவர்க்குக் கதவடைத்தே நிற்கும். ஆகவே, குழந்தை கைக்குக் கமரா வரவேண்டுமாயின், முதலிற் பிழையின் விலை இறங்குதல் வேண்டும்.

அதனை இறக்கியவர் ஜோர்ஜ் ஈஸ்ட்மன். அவர் 1854இல் நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். எட்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தவர். குடும்ப வறுமையினாற் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கிக் காப்புறுதி அலுவலகமொன்றில் ஏவலாளாய்ச் சேர்ந்து, பின்னர் ரொச்செஸ்டர் நகரத்து வங்கியொன்றில் எழுதுவினைஞரானார். 1877இற் பிரயாணமொன்றை எண்ணிக் கமராவும் அதற்குரிய கருவிகளும் வாங்கினார். கண்ணாடித் தகடுகள், இரசாயனப் போத்தல்கள், இருட்டறைக் கூடாரம், முக்காலி என அம்மூட்டை பொதிகுதிரை சுமக்கத் தக்கதாய் இருந்தது. பிரயாணம் நடைபெறவில்லை. ஆயினும் அச்சுமையைக் குறைக்கும் எண்ணம் அவரை விட்டகலவில்லை. பகலில் வங்கி வேலை, இரவில் வீட்டு அடுக்களையில் ஆய்வு என உழைத்து, 1880இல் உலர் தகடுகளைச் செய்து விற்கத் தொடங்கினார்.

1888இல் அவர் 'கொடாக்' என்னும் கமராவை வெளியிட்டார். அதனுள்ளே 100 படங்களுக்குரிய சுருள் இருக்கும். படங்கள் முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே கழுவி, அச்சிட்டு, புதிய சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவர். பொத்தானை அழுத்துவது ஒன்றே உடையவர் செய்ய வேண்டிய வேலை. எனினும் அதன் விலை 25 டொலர். கழுவிச் சுருள் மாற்ற மேலும் 10 டொலர். சாதாரணத் தொழிலாளி ஒருவரின் பல நாட் கூலி அது. கமரா எளிதாயிற்று, ஆனால் மலிவாகவில்லை. வளர்ந்தோர் கையிலேயே அது நின்றுவிட்டது.

கமராவை எவ்வளவு மலிவாக விற்றாலும், அது விற்பனையானாற் பிலிம் சுருள் தொடர்ந்து விற்பனையாகும் என்பதை ஈஸ்ட்மன் நன்குணர்ந்தார். இயன்றளவு குறைந்த விலையில் ஒரு கமராவை அமைத்துத் தருமாறு, தம் கமராக்களைச் செய்து வந்த பிராங்க் பிரவுணல் என்பாரிடம் ஒப்படைத்தார். 1900ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'பிரவுணி' கமரா வெளிவந்தது. விலை 1 டொலர். பிரித்தானியாவில் 5 ஷிலிங். ஆறு படங்களுக்குரிய சுருளின் விலை 15 சதம்.

இப்பெயரின் வரலாறும் சுவையானது. ஸ்கொத்லாந்து நாட்டுப் பழங்கதைகளிலே, இரவில் எவருமறியாமல் வீட்டு வேலைகளைச் செய்து முடிக்கும் குறும்புக் குட்டித் தேவதைகளுக்குப் பிரவுணி என்று பெயர். கனடாவிற் பிறந்த பாமர் கொக்ஸ் என்னும் ஓவியர் அக்குட்டி மனிதரைச் சித்திரமாக வரைந்து 1880களிற் சிறுவர் சஞ்சிகையிலும் நூல்களிலும் வெளியிட்டார். அமெரிக்கச் சிறுவர் அவற்றில் மயங்கிக் கிடந்த காலம் அது. கமராப் பெட்டியின் உறையிலும் விளம்பரங்களிலும் அக்குட்டி மனிதர் இடம்பெற்றனர். கமராவைச் செய்தவராகிய பிரவுணலின் பெயரும் அதனோடு ஒலியால் ஒத்திருந்தது. கடைக் கண்ணாடியினூடே அப்படத்தைக் கண்ட பிள்ளை, இது எனக்குரியது என்று உடனே உணர்ந்துகொள்ளும்.

அக்கமராவின் அமைப்பையும் சற்று நோக்குவோம். கடினமான அட்டையாலும் மரத்தாலும் செய்து, தோல் போன்ற கறுப்புத் தாள் ஒட்டிய சிறு பெட்டி அது. முன்னே ஒற்றை வில்லை. தூரத்திற்கேற்ப அதனை முன்பின் நகர்த்த வேண்டியதில்லை. சில அடி தள்ளி நின்றாற் படம் தெளிவாகவே விழும். வில்லையை மூடித் திறக்கும் ஷட்டர் என்னும் தகட்டை இயக்க ஒரு சிறு நெம்பு. சுருளைச் சுற்ற ஒரு திருகு. எத்தனையாவது படம் என்பதைக் காட்டப் பின்புறத்திலே ஒரு சிறு சிவப்புத் துளை. குறிபார்ப்பதற்குக் கண்ணாடி கூட முதலில் இல்லை. பெட்டியின் மேற்புறத்திலே 'வீ' வடிவிற் கீறிய கோடுகளே பார்வையின் எல்லையைக் காட்டின. வேண்டுவோர் பின்னர் ஒரு சிறிய பார்வைக் கண்ணாடியைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். படமோ இரண்டேகால் அங்குலச் சதுரம்.

முதலிற் செய்த பெட்டிகளிற் குறையும் இருந்தது. பின்புற மூடி சப்பாத்துப் பெட்டியின் மூடி போல இலேசாகப் பொருந்தியதால், எளிதிற் கழன்றது. சில மாதங்களுள்ளேயே அதனை மாற்றிக் கீல் பூட்டிய மூடியை அமைத்தனர். குழந்தையின் கை எவ்வாறெல்லாம் ஒரு பொருளைச் சோதிக்கும் என்பதைச் செய்தவர்களும் விற்ற பின்னரே கற்றுக்கொண்டனர். அவ்வாறிருந்தும் முதலாண்டிலேயே ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட பிரவுணிகள் விற்பனையாயின. பதினாறு வயதுக்குட்பட்ட பிரவுணி உடையோர்க்கென ஒரு கழகத்தையும் கொம்பனி ஏற்படுத்திப் படப் போட்டிகள் நடத்திப் பரிசளித்தது.

ஆறு படங்கள், ஒரு டொலர்ப் பெட்டி, ஒரே நெம்பு. இவை குழந்தைக்குக் கற்பித்தவை யாவை? பிரவுணியிற் செய்யக்கூடிய பிழைகள் பல. நெம்பை அழுத்தும்போது கை நடுங்கினால் படம் கலங்கும். சுருளைச் சுற்ற மறந்தால் ஒரு படத்தின் மேல் மற்றொரு படம் விழுந்து, பாட்டியின் தலையில் நாய்க்குட்டி நிற்கும். சூரியனை நோக்கிப் பிடித்தால் முகம் கறுக்கும். மிக நெருங்கிச் சென்றால் உருவம் மங்கும். விரல் குறுக்கே வந்தாற் படத்தின் மூலையிலே கரிய நிழல் தோன்றும். இவற்றுள் எதனையும் கமரா தானே திருத்தாது. சுருள் கழுவி வரும் வரை பிள்ளை காத்திருக்கும். வந்ததும் ஆறினுள் மூன்று பழுதெனக் காணும். ஏன் பழுதாயிற்று என்று தானே எண்ணிப் பார்க்கும். அடுத்த முறை சூரியனை முதுகுப் புறத்தில் வைத்து நிற்கும். மூச்சை அடக்கி நெம்பை அழுத்தும்.

பிழைக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலை குழந்தை தாங்கத் தக்கதாகவும் இருந்தது. பிரவுணியின் சிறப்பு இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையிலேயே தங்கியிருக்கிறது. விலையே இல்லாத பிழை கவனத்தைத் தூண்டாது. தாங்கொணா விலையுள்ள பிழையோ கையை நடுங்கச் செய்து, தொடுவதற்கே அஞ்ச வைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஆறு படங்களும் பதினைந்து சதமும் நின்றன.

அப்பெட்டியைப் பெற்ற இளையோர் சிலரின் வரலாறு இதனை விளக்கும். கனடாவைச் சேர்ந்த பேர்னிஸ் பாமர் என்னும் இளம் பெண் ஒரு பிரவுணியைப் பரிசாகப் பெற்றார். 1912 ஏப்ரலில், பதினேழு வயதினராயிருந்த அவர், தாயுடன் கார்ப்பாத்தியா என்னும் கப்பலிற் பிரயாணஞ் செய்தார். அக்கப்பலே டைட்டானிக் மூழ்கிய இடத்திற்கு விரைந்து சென்று உயிர் தப்பியோரை ஏற்றியது. பேர்னிஸ் தம் சிறு பெட்டியினாற் பனிப்பாறையையும், மேற்றளத்திலே துயருற்று நின்ற மக்களையும் படம்பிடித்தார். செய்திப் படக் கொம்பனியொன்று அப்படங்களுக்கு அவருக்குக் கொடுத்தது 10 டொலரே. அவற்றின் பெறுமதியை அவர் அப்போது உணர்ந்திலர். அக்கமரா பிற்காலத்தில் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்தது. எவரும் எதிர்பாராத இடத்திலே, வரலாற்றுக்குச் சாட்சியாய் நின்றது ஓர் இளம் பெண்ணின் பரிசுப் பெட்டி.

மற்றொருவர் சான்பிரான்சிஸ்கோவில் 1902இற் பிறந்த அன்சல் அடம்ஸ். 1916இற் பெற்றோர் அவரைக் கலிபோர்ணியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் சென்று, அங்கே ஒரு பிரவுணியைக் கையிற் கொடுத்தனர். பதினான்கு வயதுச் சிறுவன் மலையைப் படமெடுக்க உளுத்த அடிமரமொன்றின் மேல் ஏறினான். அடிமரம் நொறுங்கி, அவன் தலைகீழாய் விழுந்தான். விழும்போதே கை நெம்பை அழுத்திவிட்டது. கழுவி வந்த சுருளில் மலை தலைகீழாய் நின்றது. அப்படத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விருப்புடன் நினைவுகூர்ந்தார். மலைகளையும் வனங்களையும் உன்னதமாகப் படம்பிடித்த பெருங் கலைஞராய் உலகம் பின்னர் அவரைப் போற்றியது. தலைகீழ்ப் படத்திற்காகப் பெற்றோர் அன்று கமராவைப் பறித்திருந்தால், அவ்வார்வம் அங்கேயே கருகியிருக்கவுங் கூடும்.

மலிவான கமரா ஒன்றே வழி என்று இதனாற் கருதிவிடலாகாது. பிரான்சிலே 1894இற் பிறந்த ஜாக் ஆன்றி லார்த்தீக் என்பவர்க்குச் செல்வந்தராகிய தந்தை 1902இற் கொடுத்த கமரா, கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் உடைய பெரிய மரப்பெட்டி. சிறுவன் முக்காலிக்கு எட்டாமல் ஒரு மணையின் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வகையிலும் பொருந்தாத கருவி அதுவெனக் கடைக்காரர் எவரும் கூறுவர். ஆயினும் தந்தை தாமும் படமெடுப்பவராதலால் மகனுக்கு அருகிருந்து கற்பித்தார். தகடுகள் பழுதானதற்காகத் தடுக்கவில்லை. சிறுவன் கமராவைத் தரையிலேயே வைத்துத் தன் விளையாட்டு மோட்டார் வண்டிகளைப் படம்பிடித்தான். படிக்கட்டிலிருந்து பாய்ந்திறங்கும் உறவுப் பெண்ணை அந்தரத்தில் நிற்கும் நிலையிற் படம்பிடித்தான். வளர்ந்தோர் நின்ற உயரத்தினின்று காணாத உலகம் அது.

பின்னர், இளைஞராயிருந்தபோது, லார்த்தீக் மோட்டார் ஓட்டப் பந்தயமொன்றைப் படமெடுத்தார். விரையும் வண்டியோடு கமராவைத் திருப்பியதால் சக்கரம் முட்டை வடிவிற் சாய்ந்தது. நின்றவர் எதிர்ப்புறம் சரிந்தனர். பழுதென்று கருதி ஒதுக்கிவைத்தார். பல ஆண்டுகளின் பின், வேகத்தின் இயல்பையே வடித்துக் காட்டும் படமென அதனை உலகம் கொண்டாடியது. 1963இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அவற்றுட் பல சிறுவனொருவன் எடுத்தவை என்பதறிந்து பார்த்தோர் வியந்தனர். அடம்சுக்கு ஒரு டொலர்ப் பெட்டி கொடுத்ததை லார்த்தீக்கிற்குத் தந்தையின் பொறுமை கொடுத்தது. கருவி வேறு, கிடைத்த உரிமை ஒன்றே.

கமராவின் விலைக்கும் படத்தின் தரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 1951இற் பிரித்தானியாவில் ஒரு சோதனை நடைபெற்றது. 'பிக்சர் போஸ்ட்' என்னும் சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் பேர்ட் ஹார்டி, நல்ல படத்திற்கு விலையுயர்ந்த கமரா இன்றியமையாததன்று என்று எழுதினார். அதனை மெய்ப்பிக்க, சாதாரணப் பெட்டிப் பிரவுணியைக் கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்றார். அங்கே கடலோரக் கம்பிவேலியின் மேல் அமர்ந்து சிரிக்கும் இரு இளம் பெண்களை அவர் எடுத்த படம் அவருடைய படங்களுள்ளேயே பெரும் புகழ் பெற்றது. கண் பழகியிருந்தால் பெட்டி பணி செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு நன்மை விளைந்ததாயினும், இவ்வரலாற்றை வெறும் வள்ளன்மையின் வரலாறாகக் கொள்வது பொருந்தாது. குழந்தையைப் பிலிம் வாங்கும் வாடிக்கையாளராக்குவதே கொம்பனியின் நோக்கம். 1930இல், ஈஸ்ட்மன் தொழில் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும்போது, அவ்வாண்டிற் பன்னிரண்டு வயது நிரம்பும் பிள்ளைகளுக்குச் சுமார் ஐந்து இலட்சம் கமராக்களைச் சுருளுடன் இலவசமாக அளித்தனர். நன்றியறிதல் அதில் இருந்திருக்கலாம். வருங்கால விற்பனையும் அதில் இருந்தது. வணிகர் தரும் பொருளிற் குழந்தைக்கு நன்மையானது எது, வணிகர்க்கு மட்டும் நன்மையானது எது என்று பிரித்தறியும் கடமை அன்றும் பெற்றோருக்கே இருந்தது. இன்றும் அவர்களுக்கே இருக்கிறது.

காத்திருத்தலைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். 1943இல் எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் குடும்பத்துடன் சாந்தா பே நகரிலே விடுமுறையைக் கழித்தார். எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று அவருடைய மூன்று வயது மகள் கேட்டாள். அக்கேள்வியே அவரை ஆராய்ச்சியிற் செலுத்தியது. 1947இல் உடனடிப் படம் தரும் முறையை அவர் செய்து காட்டினார். 1948 நவம்பரிற் பொஸ்டன் நகரிலே பொலறோயிட் கமரா விற்பனைக்கு வந்தது. பெரியோரின் கருவியைக் குழந்தைக்காக மாற்றினார் ஈஸ்ட்மன். குழந்தையின் கேள்வியாற் பெரியோரின் கருவியே மாறியது லாண்ட் காலத்தில்.

பிரவுணி என்னும் பெயர் தாங்கிய கமராக்கள் பல வடிவங்களில் 1960களின் இறுதி வரை நிலைத்தன. 1963இல் வந்த 'இன்ஸ்டமாட்டிக்' கமரா, சுருளை ஏற்றும் தொல்லையையும் நீக்கியது. 1975இல் அதே ரொச்செஸ்டர் நகரிலே, கொடாக் கொம்பனியின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், பிலிமே இல்லாத கமரா ஒன்றைச் செய்து முடித்தார். ஏறக்குறைய எட்டு இறாத்தல் எடையுள்ள அக்கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 வினாடிகள் எடுத்தது. அதிற் தொடங்கிய மாற்றம் பிலிம் வணிகத்தையே வீழ்த்தியது. 2012 ஜனவரியிற் கொடாக் கொம்பனி கடனிறுக்க இயலாது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. இன்று கமரா கைத்தொலைபேசியினுள் அடங்கிவிட்டது. நடக்கப் பழகுமுன்னரே குழந்தையின் விரல் அதன் பொத்தானைத் தீண்டுகிறது.

பிழையின் விலை இப்போது முற்றாக இல்லாமற் போயிற்று. ஆறு படங்கள் எடுத்த கை அறுநூறு படங்கள் எடுக்கிறது. கமராவே ஒளியை அளக்கிறது, முகத்தைத் தேடுகிறது, நடுக்கத்தைத் திருத்துகிறது. இது பெரு நன்மையே. பணமின்மையால் எந்தப் பிள்ளையும் படமெடுக்க இயலாதிருத்தல் நல்லதன்று. ஆயினும் விலையற்ற பிழையைப் பிள்ளை நின்று நோக்குவதில்லை. படம் பழுதானால் அழித்துவிட்டு அடுத்ததற்குச் செல்கிறது; ஏன் பழுதாயிற்று என்று கேட்பதில்லை. கருவி எடுத்துக்கொண்ட அக்கவனத்தைப் பெற்றோரே திருப்பிக் கொடுக்க வேண்டியவராகின்றனர்.

அதற்கு வழிகள் உள்ளன. பியூஜி கொம்பனி 1998இல் வெளியிட்ட 'இன்ஸ்டாக்ஸ்' உடனடிக் கமராவின் சிறிய பொதியிற் பத்துத் தாள்களே இருக்கும். பத்தில் எதனை எடுப்பது என்று பிள்ளை எண்ணியே ஆகவேண்டும். தாள்களின் விலை தொடர்ந்து வரும் செலவு என்பதைப் பெற்றோர் முன்னரே கணக்கிடல் நன்று. அது இயலாதார், பழைய சாதாரண டிஜிட்டல் கமரா ஒன்றைக் கொடுத்து, இன்றைக்கு ஆறு படம் மட்டுமே என்று ஓர் எல்லை வகுக்கலாம். மாலையிற் பிள்ளையுடன் அமர்ந்து அவ்வாறையும் பார்த்து, அவற்றுள் ஒன்றைப் பிள்ளையே தெரிந்து அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் செய்யலாம். தொலைபேசியும் இணையமும் இணையாத கமரா சிறு பிள்ளைக்கு மேலும் நன்று. எடுத்த படம் வீட்டிலேயே இருக்கும், ஊரறிய அனுப்பப்படாது. பிறரைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்கும் பண்பையும் முதல் நாளிலேயே பழக்குதல் வேண்டும்.

கமராவைத் தேர்வோர் கவனிக்க வேண்டியவை சிலவே. சிறு கை தாங்கும் எடையாக இருத்தல் வேண்டும். விழுந்தால் எளிதில் உடையாததாக இருத்தல் வேண்டும். உடைந்தால் வீட்டார் மனம் உடையாத விலையாகவும் இருத்தல் வேண்டும்; பிள்ளையைத் திட்டி அழவைக்கும் விலையுள்ள கமரா, எவ்வளவு சிறந்ததாயினும், அப்பிள்ளைக்கு உரியதன்று. பொத்தான்கள் குறைவாயிருத்தல் நன்று. இவற்றிற்குப் பின்னரே வில்லையின் நுட்பமும் படத்தின் கூர்மையும் எண்ணத் தக்கவை.

வாங்கிக் கொடுத்த பின் பெற்றோர்க்கு ஒரு வேலை மிஞ்சும். அதுவே கடினமானது. பிள்ளை கொண்டுவரும் முதற் படத்திலே தந்தையின் தலை வெட்டுண்டிருக்கும். தாயின் கால்கள் மட்டுமே தெரியும். வீட்டுப் பூனை ஒரு மூலையில் மங்கலாய்க் கிடக்கும். அப்படத்தை இகழ்ந்தால் அடுத்த படம் வராது. தலை வெட்டுண்டதற்குக் காரணம் கவனக் குறைவாக இருக்கலாம். பிள்ளை நிற்கும் உயரத்திலே உலகம் அப்படித்தான் தோன்றுகிறது என்பதாகவும் இருக்கலாம். எது காரணம் என்று பிள்ளையையே கேட்டு, அது கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் பெற்றோரிடத்து, எந்தக் கமராவும் நல்ல கமராவாகும்.